களிமண் துரியோதனனும் சிமென்ட் மானும்

சென்னையின் மேற்கே அயனம்பாக்கம், நொளம்பூர், வானகரம் பக்கம் புதிதாக முளைத்த நகர் எதிலாவது, சாயங்காலம் ஆறு மணிக்குப் பூங்காவுக்குள் நுழைந்து பாருங்கள். எட்டு வடிவ நடைபாதையில் சர்க்கரைக்காரர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மூலையில் உடற்பயிற்சிக் கருவிகள் கிறீச்சிடும். புல்தரையில் சிமென்ட் மான் ஒன்று, கொம்பு ஒடிந்து உள்ளே இருக்கும் கம்பி தெரிய நிற்கும். பக்கத்திலேயே, வயிற்றில் ‘யூஸ் மீ’ என்று எழுதிய பெங்குவின், வாயைப் பிளந்துகொண்டு குப்பைக்காகக் காத்திருக்கும். மானின் மேல் ஏறிச் சவாரி செய்யும் குழந்தைகளைத் தவிர வேறு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பங்குனி பிறந்ததும் பூந்தமல்லி, திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சுவர்களில் மஞ்சளும் சிவப்புமாக நோட்டீஸ்கள் ஏறும். ‘மகாபாரத அக்னி வசந்த விழா’ என்று கொட்டை எழுத்து. கீழே நாள்வாரியாகப் பட்டியல்: வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி. நடைப்பயிற்சி போகிறவர்கள் அந்தச் சுவரைக் கடந்துதான் பூங்காவுக்குள் போகிறார்கள். திறந்தவெளியில் கலையைப் பார்க்க வேண்டுமென்றால் வெளிநாட்டுத் தோட்டங்களைப் பற்றிப் படிக்கிறோம், கண்காட்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்குகிறோம். அரை நாள் பயணத்தில், காசில்லாமல், வானத்தின் கீழ் நடக்கிற இத்தனை பெரிய படைப்பை மட்டும் ‘கோயில் விசேஷம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம்.

எனக்கு அது கோயில் விசேஷம் மட்டுமாகத் தெரியவில்லை. ஒரு ஊரை முழுசாக எடுத்து, அதன் தெரு, வயல், மரம், மாடு, மண் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்கிற கலை அது. அரங்கத்துக்குள் அதைக் கொண்டுபோக முடியாது.

ஊரே களரி

வட தமிழ்நாட்டில், திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் வட்டாரங்களில்தான் இந்த விழா நடக்கும் திரௌபதி அம்மன் கோயில்கள் அடர்த்தி. செஞ்சிப் பகுதியை மையமாக வைத்து இந்த வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபீட்டல், 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதியிருக்கிறார். திருவிழா பங்குனியில் தொடங்கி ஆடி வரை, ஊருக்கு ஊர் ஒரு தேதியில் வரும். பத்து நாள், பதினெட்டு நாள், இருபது நாள் என்று வசதிக்கேற்ப நீளும். காலம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும், ஆளுக்கும் வேலை குறைவு. நாலு மாதத்துக்கு முன் நெல் நின்ற இடம் இப்போது குருட்சேத்திரம்.

பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபாரதத்தை வைத்துக்கொண்டு பிரசங்கியார் கதை சொல்ல, பெரியவர்கள் பந்தலில் அமர்ந்து கேட்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து. ஜமா என்கிற கூத்துக் குழு வந்து, களரி என்கிற ஆடுகளத்தைக் கட்டும்: ஆர்மோனியப் பெட்டி, முகவீணை, மிருதங்கம், தாளம். கட்டியக்காரன் வருவான், இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், திரைக்குப் பின்னாலிருந்தே ராஜா பாடுவார். திரை விலகும்போது விடிய இன்னும் ஏழு மணி நேரம் இருக்கும்.

இதில் மேடை என்று தனியாக ஒன்று கிடையாது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பகாசூரன் கதை வருகிற நாளில் பீமன் சோற்று வண்டியோடு தெருத்தெருவாகப் போவான், வீட்டுவாசலில் நிற்பவர்களே ஏகசக்கரபுரத்து ஜனம். விராட பர்வத்து மாடுபிடி சண்டைக்கு ஊர் மாடுகள்தான் நடிகர்கள். அவற்றுக்கு வசனம் கிடையாது, ஒத்திகையும் கிடையாது, நினைத்த பக்கம் ஓடும். திரௌபதி கல்யாணத்துக்கு ஊரார் சீர்வரிசை எடுத்து வருவார்கள். பார்க்க வந்தவர் எப்போது பாத்திரமானார் என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நாடகத்தை அரங்கத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவர இருபதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய கொள்கைகள் எழுதினார்கள். நம் பக்கம் கூத்து உள்ளே போனதே இல்லை, ஆகையால் வெளியே வரக் கொள்கையும் தேவைப்படவில்லை.

இரண்டு தபசு

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைப் பார்க்காத சென்னைக்காரர் இருக்க மாட்டார். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை, சுமார் முப்பது மீட்டர் நீளம். ஒற்றைக்காலில், கைகளை உயர்த்தி நிற்பவர் அர்ஜுனனா பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அந்த வழக்கைவிடப் பாறையின் நடுவே இருக்கும் பிளவு முக்கியம். அது உளி போட்ட கோடு கிடையாது, பாறையில் இயற்கையாகவே இருந்தது. சிற்பிகள் அதை மறைக்கவில்லை. நாகர்களை அதற்குள் நீந்தவிட்டார்கள், யானைகளையும் தேவர்களையும் முனிவர்களையும் இரண்டு பக்கத்திலிருந்தும் அதை நோக்கி வரவைத்தார்கள். மேலே தண்ணீர் தேக்கிப் பிளவு வழியாக விட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பாறை கொடுத்த குறையையே கதையின் நடுநாயகமாக வைத்த துணிச்சல் அது. கீழே, முனிவரைப் போலவே கை தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பி நிற்கும் எலிகளையும் வைத்தவன் குறும்பன். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்குப் பிறகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பூனையைத்தான்.

அதே தபசைக் கூத்தில் பார்க்க வேண்டும். களத்தில் பனை உயரத்துக்குத் தபசு மரம் நட்டிருப்பார்கள். ஏறுவதற்குக் குறுக்குக் கட்டைகள், உச்சியில் சின்னப் பரண். அர்ஜுனன் வேடம் கட்டியவர் கீழே பூஜை முடித்து, பாடிக்கொண்டே ஏறுவார். சிவனிடம் பாசுபதம் வாங்கப் போகிற பயணம். படிக்கட்டாக மாறிய மரம் இப்போது கைலாயம். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தைச் சுற்றி இருப்பார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சை, வில்வம், விபூதி என்று விழும். மடியேந்திப் பிடிப்பார்கள். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது நடிகரோடு ஆகாயமும் சேர்ந்தே தெரியும். காற்றடித்தால் மரம் லேசாக ஆடும், பாட்டும் ஆடும். அந்தப் பயம் நடிப்பில்லை.

கல்லில் நிற்கிற தபசியும் மரத்தில் ஏறுகிற தபசியும் ஒரே தொண்டை மண்டலத்துப் பிள்ளைகள். ஒருவருக்கு வேலி போட்டுத் தொல்லியல் துறை காவல் நிற்கிறது. இன்னொருவர் பொழுது விடிவதற்குள் இறங்கி, அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் துடைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு வேன் ஏறிவிடுகிறார்.

படுத்திருக்கிற ராஜா

கடைசி நாளுக்கு முந்தின இரவு, பதினெட்டாம் போர் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்துக் காலி நிலத்தில் மண் குழைக்க ஆரம்பித்துவிடுவார்கள். விடிகிற நேரத்தில் துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். பல ஊர்களில் நாற்பது, ஐம்பது அடி நீளம், அதற்கு மேலும் உண்டு. தலையில் கிரீடம், முறுக்கு மீசை, உருட்டிய கண், கையில் கதை. உடம்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் செம்மண்ணும் பூசியிருப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு கண் மட்டும் தெரியும், அல்லது ஒரு பாதம். முழு உருவத்தைப் பார்க்க வீட்டு மாடிக்கோ வரப்புக்கோ ஏற வேண்டும். சிற்பத்தைச் சுற்றி நடந்துதான் பார்க்க முடியும் என்கிற அனுபவத்துக்காக வெளிநாட்டில் ஏக்கர் கணக்கில் தோட்டம் போட்டிருக்கிறார்கள். இங்கே அதை ஒரே ராத்திரியில், நாலைந்து லோடு மண்ணில் செய்துவிடுகிறார்கள்.

காலையில் பீமனும் துரியோதனனும் வேடத்தோடு வந்து, படுத்திருக்கும் உருவத்தைச் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுவார்கள். நிஜ ஆள் துரியோதனன், தன்னுடைய மண் உடம்பின் மேலேயே ஏறி ஓடுவான். ஒரே பாத்திரம் இரண்டு அளவில், ஒரே சமயத்தில். இப்படியொரு காட்சி யோசனை எந்த நாட்டு நவீன நாடகத்துக்கும் பெருமை சேர்க்கும். தொடையில் முன்னமே புதைத்து வைத்த கலயத்தைப் பீமன் கதையால் அடிக்க, சிவப்பு நீர் பீறிடும். சபதம் தீர்ந்த திரௌபதிக்கு அந்த ரத்தத்தைத் தொட்டுக் கூந்தல் முடிப்பார்கள். ஒப்பாரி வைக்கும் காந்தாரி, அல்லது துரியோதனன் மனைவி, முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்வாள். அடி வாங்கினால் பீடை போகும் என்று முதுகைக் காட்டி நிற்பவர்களும் உண்டு. சோகமும் சிரிப்பும் அப்படி ஒரே மூச்சில் கலக்கிற இடம் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

அது முடிந்ததும் ஜனம் மண்ணுக்குப் பாயும். ஆளுக்கொரு பிடி. சிலர் வயலில் போட, சிலர் நெல் குதிருக்கு, சிலர் வீட்டு நிலைப்படிக்கு. முகம் முதலில் போகும். சாயங்காலம் தீமிதி நடக்கும்போது அங்கே ஒரு மேடு மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஒரு ராத்திரி உழைப்பு அரை நாளில் கரைந்து போகிறதே என்று இதைச் செய்கிறவர்கள் வருத்தப்படுவதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் அய்யனாருக்குச் சுட்டு வைத்த மண்குதிரைகள் மழையில் கால் உடைந்து சாயும்போதும் யாரும் பழுது பார்ப்பதில்லை, அடுத்த வருஷம் புதுக்குதிரை வரும். வாசல் கோலத்துக்கு ஆயுள் மத்தியானம் வரை. பாதுகாப்பது அருங்காட்சியகத்தின் வேலை. இங்கே வேலை, மறுபடி செய்யத் தெரிந்த கையைப் பாதுகாப்பது.

தோட்டத்தில் வைத்த சிலை

சிலையைத் தோட்டத்தில் வைப்பதும் நல்ல காரியம்தான், குறைத்துச் சொல்லவில்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்களோடு சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். பத்திக் துணி விற்ற காசில் மணல்காட்டில் நிலம் வாங்கிய கதை அது. அங்கே மரங்களுக்கு நடுவே நிற்கும் கல், உலோகச் சிற்பங்களைப் பார்க்க அயனம்பாக்கத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-லிருந்து வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்கிறது. நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். சூரியன் நகர நகர அந்த முதுகுத் தசைகளில் நிழல் நகர்வதைப் பார்த்தவர்கள், கூடத்துக்குள் வைத்திருந்தால் அந்தச் சிலை பாதிதான் என்று ஒத்துக்கொள்வார்கள். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்துப் பாறைத் தோட்டம் கட்டினார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடிக்க மனம் வராமல் 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் வாங்கிய லுனுகங்கை, இன்னொரு படி மேலே. அங்கே சிலையைவிட மரம், நீர், தூரத்துக் குன்று இவற்றை எந்த இடத்திலிருந்து பார்க்க வைக்கிறார் என்பதே வேலைப்பாடு. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்கா 1977-இல் திறந்தது. அங்கே ஹென்றி மூரின் வெண்கலங்களைச் சுற்றி ஆடுகள் மேய்கின்றன.

கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்த பெரிய முகங்களும் உண்டு. படங்கள் அழகு. ஆனால் வெளியிலிருந்து படம் எடுக்க வருகிறவர்கள் அதிகம், அங்கே குடியிருப்பவர்களுக்குப் பேருந்தும் தண்ணீரும் அதைவிட அவசரம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மேற்குப் புறநகர் இந்த வரிசையில் சும்மா இல்லை. பூந்தமல்லியில் திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வளர்த்து, காஞ்சி வரதருக்குப் பூக்கைங்கரியம் செய்தார் என்பது வைணவ மரபு. திருமுல்லைவாயிலின் தலமரம் முல்லைக்கொடி, திருவேற்காட்டில் வேலமரம். தோட்டமே காணிக்கையாக இருந்த ஊர்களில் நாம் இப்போது அலங்காரப் பனையை நட்டுவிட்டு நடுவில் ஃபைபர் டால்பின் வைக்கிறோம்.

வெளிக்காகவே செய்தது

கூத்து ஏன் உள்ளே அடங்காது என்பதை அதன் உடையைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. லேசாக இருக்க வேண்டும், ராத்திரி முழுக்கச் சுழல வேண்டுமே. மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும். தீப்பந்தம் ஆடும் வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடிகள் விட்டுவிட்டு மின்னும். பந்தம் போய் பெட்ரோமாக்ஸ் வந்தபோது மின்னல் கொஞ்சம் குறைந்தது. டியூப்லைட் வந்தபோது செத்தது. முகம் எழுதும் சிவப்பும் பச்சையும் இருட்டில் நாற்பது அடிக்கு அப்பால் படிக்கத் தோதாகப் போட்டவை. அதைப் பக்கத்தில் நிறுத்தி செல்ஃபி எடுத்தால் கோரமாகத்தான் தெரியும். குரல் மேல் ஸ்தாயியில் நிற்பதும் அதனால்தான், வயலின் கடைசிவரை போக வேண்டும். நாகஸ்வரக்காரர்களைக் கேளுங்கள், சபா மேடையில் மைக் முன்னால் வாசிப்பதும், சாமி புறப்படும்போது கோபுரவாசலில் மல்லாரி வாசிப்பதும் ஒன்றா என்று.

இன்னொன்று, கூத்துப் பார்வையாளனுக்கு உள்ள சுதந்திரம். பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். துகிலுரிதலுக்கு எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கலாம். நடுவில் டீக்கடைக்குப் போய்வரலாம். குழந்தை அழுதால் யாரும் முறைக்க மாட்டார்கள். பஞ்சு மெத்தை நாற்காலியில் கைபேசியை அணைத்துவிட்டு உட்காரப் பழகியவர்களுக்கு இது ஒழுங்கீனமாகத் தெரியலாம். எனக்கு, எட்டு மணி நேரப் படைப்பைப் பார்க்க இதைவிடக் கௌரவமான வழி தெரியவில்லை.

இந்த அருமை நகரத்துக்குத் தெரியாமல் போகவில்லை. புரிசை கிராமத்துக் கூத்தைப் பார்த்து அசந்த நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார், ‘அன்று பூட்டிய வண்டி’ என்று கூத்தைப் பற்றிய கட்டுரை நூலும் தந்தார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் பிரெக்டின் நாடகத்தையும் மார்க்கேஸின் கதையையும்கூடக் கூத்தாக்கிப் பார்த்தார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் 2002 முதல் 2020 வரை பெண்பிள்ளைகளும் வேடம் கட்டக் கற்றார்கள். ஆண்களே திரௌபதியாக நின்ற கலையில் அது சின்ன விஷயமில்லை. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைகளைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. 2023 முதல் அரசே ‘நம்ம ஊரு திருவிழா’ என்று அதை நடத்துகிறது. நல்லது. ஆனால் இருபது நிமிடத்தில் ‘அயிட்டமாக’ வந்துபோகும் கூத்தைப் பார்த்துவிட்டுக் கூத்துப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

பத்து மணி முதல் ஆறு மணி வரை

புறநகரில் விடிய விடியக் கூத்து வைக்க நிலமும் வேண்டும், ராத்திரியும் வேண்டும். இரண்டும் சட்டப்படியே குறைந்துவருகின்றன.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பின்னால் வந்த திருத்தம் இசைக்கருவிகளையும் சேர்த்துவிட்டது. மூடிய அரங்கத்துக்கு விலக்கு உண்டு. பண்டிகைக்காக வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். கூத்து நடக்கும் நேரத்தை அளந்து வைத்துத் தடுத்த மாதிரி இருக்கிறது. விதியின் நியாயம் புரியாமல் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, ஷிஃப்ட் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வருகிறவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதியவர் எல்லோருக்கும் தூக்கம் வேண்டும். ஆள் உயரத்துக்கு நாலு பக்கமும் ஸ்பீக்கர் அடுக்கி, ஊரையே உலுக்குகிற விழாக்குழுக்களும் இதற்குக் காரணம். மைக்கே இல்லாமல் வயல்முனை வரை பாடிய கலை இது. குழலும் பெட்டியும் குரலுமாக, மைக் இல்லாத கூத்துக்கு வருஷத்தில் நாலைந்து இரவு விலக்கு கொடுத்தால் யார் தூக்கமும் பெரிதாகக் கெடாது என்பது என் கட்சி. பாடகர்களும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை, மறுபடி ஆட ஆரம்பிப்பார்கள்.

நிலத்துக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டு விதிப்படி 3,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவுகள் சாலை போக மிச்சத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பணம் கட்டித் தப்ப முடியாது, நிலமாகவே எழுதிக்கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். மேற்குப் புறநகரில் வயல்கள் மனையான வேகத்தில் இப்படிப்பட்ட துண்டுகள் ஏராளம் சேர்ந்திருக்கின்றன. அவை எல்லாவற்றையும் நடைபாதை, நீரூற்று, சிமென்ட் விலங்கு என்று நிரப்புகிறோம். பகுதிக்கு ஒன்றையாவது வெறும் மண்தரையாக, ஓரத்தில் நாலு புங்கமரத்தோடு விட்டுவைக்கலாம். பகலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடட்டும். கோடையில் ஒரு வாரம் அது களரி. டைல்ஸ் பதித்த தரையில் தபசு மரமும் நட முடியாது, துரியோதனனையும் படுக்க வைக்க முடியாது.

அதுவரை நோட்டீஸைப் படியுங்கள். சித்திரையிலோ வைகாசியிலோ பூந்தமல்லி தாண்டித் திருவள்ளூர் சாலையிலோ பெங்களூர் சாலையிலோ போனால் கண்ணில் படும். கூத்துக்குப் பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், விடியற்காலையில் பனி இறங்கும். ஒரே ஒரு இரவுதான் முடியுமென்றால் அர்ஜுனன் தபசு. ஒரே ஒரு காலைதான் முடியுமென்றால் படுகளம். படுகளத்துக்கு ஏழு மணிக்கே போய்ச் சேருங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் மாடிக்கு ஏற விடுவார். பத்து மணிக்கு மேல் போனால் முகம் இருக்காது.